ஓல்வீல் டிரைவ்: நாலு சில்லும் இழுக்கும்போது காரில் உண்மையில் நடப்பது என்ன?

கொழும்பில் கார் வாங்குவதைப் பற்றிக் கதை தொடங்கினால், தேநீர் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஃபோர்வீலா பாத்து எடுங்க, மழைக்கு வழுக்காது." 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகு இந்த ஆலோசனைக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. ஜப்பானில் பனி விழும் ஊர்க்காரர்களை மனதில் வைத்துச் செய்த வெசல், வகன்ஆர், பிரியுஸ் எல்லாம் ஒக்‌ஷன் ஷீட்டில் (ஜப்பானிய ஏலத்தாளில்) "ஃபோர்வீல்" என்ற ஒரு சின்னக் குறிப்போடு வெள்ளவத்தைக்கு வந்து நிற்கின்றன. அந்தக் குறிப்புக்கு விற்பவர் தனி விலை சொல்கிறார்.

ஆலோசனை பாதி சரி. எந்தப் பாதி என்று தெரியாமல் காசைக் கொடுப்பதுதான் வில்லங்கம். ஏற்றத்தில் ஏறுவது, வளைவில் திரும்புவது, பிரேக் பிடிப்பது, வெள்ளத்தில் போவது ஆகிய நாலையும் நம் ஆட்கள் "மழைக்கு நல்லது" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். மூட்டையை அவிழ்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில் வருகிறது.

பெயரை முதலில் தீர்த்துக்கொள்வோம். எஞ்சினின் விசை இரண்டு சில்லுக்குப் பதிலாக நாலு சில்லுக்கும் போகிற அமைப்பு எதுவானாலும் அதை இங்கே ஓல்வீல் டிரைவ் என்கிறேன். கெப் வாகனங்களில் லீவர் போட்டு இணைக்கும் பழைய வகையை மட்டும் ஃபோர்வீல் என்று பிரித்துச் சொல்கிறேன்.

பலம் எஞ்சினில், எல்லை தரையில்

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் வெங்காய மூட்டை அடுக்கிய கைவண்டியை நாட்டாமிகள் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவர் இழுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பவும் வேண்டும். பின்னால் நிற்பவருக்குத் தள்ளுவது மட்டும்தான் வேலை. மழை பெய்து, மிதிபட்ட கீரைத்தண்டும் சேறும் கலந்து கிடக்கும் தெருவில், முன்னால் இழுப்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் செருப்பு வழுக்கினால் வண்டி நகராது. அவருடைய பலத்தில் வண்டிக்குப் போய்ச் சேருவது, காலடி தரையைப் பிடிக்கிற அளவு மட்டும்தான். அந்த நேரத்தில் தேவைப்படுவது இன்னும் பலசாலியான ஒருவரல்ல. பின்னாலும் ஒருவர் சேர்ந்து தள்ளினால், இரண்டு காலுக்கு வந்த வேலை நாலு காலுக்குப் பிரிந்துவிடும்.

காரிலும் அதுதான். டயர் தரையைப் பற்றிக்கொள்ளும் திறனைப் பிடிமானம் என்போம். அது இரண்டு விஷயத்தில் தங்கியிருக்கிறது. ஒன்று, டயரை மேலிருந்து அழுத்தும் பாரம். மற்றது, டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. இந்த உராய்வை ஓர் எண்ணாகச் சொல்வதே உராய்வுக் குணகம். பாரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் டயரால் தாங்க முடிந்த உச்ச விசை வரும். நல்ல டயர், காய்ந்த தார் என்றால் ஏறத்தாழ 0.8 என்று வைக்கலாம். நனைந்த தாருக்கு 0.5, சேறு படிந்த பாதைக்கு 0.25. இவை கைக்கணக்குக்கான எண்கள்தான். டயரின் வயதும் தாரின் தரமும் இவற்றை மேலும் கீழும் தள்ளும்.

கவனிக்க வேண்டியது, இந்தப் பெருக்கலில் எஞ்சின் எங்கும் வரவில்லை. எத்தனை சில்லு இயங்குகிறது என்பதும் வரவில்லை. ஓல்வீல் டிரைவ் எந்த ஒரு டயரின் பிடிமானத்தையும் ஒரு துளிகூடக் கூட்டுவதில்லை. சும்மா உருண்டுகொண்டிருந்த இரண்டு டயர்களின் பிடிமானத்தையும் வேலைக்கு அழைக்கிறது, அவ்வளவே.

ஓர் ஏற்றத்தின் கணக்கு

ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ நிறையுள்ள ஒரு முன்சில்லு இயக்கக் கார். எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால் இருப்பதால் பாரத்தில் 60 சதவீதம், அதாவது 840 கிலோ, முன்சில்லுகளின் மேல் இருக்கிறது. இந்தக் கார் தோட்டத்து மண்பாதை ஒன்றில், 5 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் ஏற்றத்தில் நிற்கிறது. காரை மேலே இழுக்க ஏறத்தாழ 275 கிலோ விசை வேண்டும். (விசையைக் கிலோவில் சொல்வதைப் பௌதிகவியல் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.)

பாதை சேறு, குணகம் 0.25. முன்சில்லு இரண்டும் தரக்கூடியது 840 இன் கால்பங்கு, 210 கிலோ. அதுவும் ஏற்றத்தில் பாரம் பின்பக்கம் சாய்வதால் இன்னும் குறையும். தேவை 275. எக்ஸலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சில்லு சுழலும், சேறு தெறிக்கும், கார் ஏறாது. நாலு சில்லும் இயங்கினால் 1,400 இன் கால்பங்கு, 350 கிலோ. கார் ஏறிவிடும். எஞ்சின் அதேதான், டயரும் அதேதான்.

இதே ஏற்றம் நனைந்த தாராக இருந்தால்? குணகம் 0.5. முன்சில்லு மட்டுமே 400 கிலோவுக்குக் கிட்டத் தந்துவிடும். தேவை 275 தான். அங்கே ஓல்வீலுக்கு வேலையே இல்லை. நுவரெலியாவுக்கு றம்பொடை வளைவுகள் வழியே அடைமழையிலும் ஏறுகிற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் எல்லாம் பின்சில்லு இயக்கம்தான். "மலைநாட்டுக்குப் போறதுக்கு ஃபோர்வீல் வேணும்" என்பவர் அந்த பஸ்களுக்குப் பின்னால் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

சுருக்கம்: இழுக்கும் விசைக்கு எல்லை போடுவது டயரின் பிடிமானம். நாலு டயரையும் பயன்படுத்தினால் அந்த எல்லை உயர்கிறது. சேறு, மணல், ஈரப்புல் போன்ற பிடிமானம் குறைந்த தரையில்தான் அந்த உயர்வு கைக்குத் தெரியும்.

டிஃபரன்ஷியல்: நன்மையும் தொல்லையும் ஒரே பெட்டியில்

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டினால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டே தீரும். அதனால் இயங்கும் இரண்டு சில்லுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதியை வைக்கிறார்கள். சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டுக்கும் எப்போதும் சமமான விசையையே அனுப்புகிறது.

இந்தச் "சமமான" என்பதில்தான் தொல்லை ஒளிந்திருக்கிறது. கைவண்டிக்குப் பின்னால் ஒரு நீளத் தடியைக் குறுக்கே வைத்து, அதன் நடுவை மட்டும் ஓர் ஆணியால் வண்டியோடு பொருத்தியிருப்பதாக நினையுங்கள். தடியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு நாட்டாமி தள்ளுகிறார். ஒருவருக்குக் கால் வழுக்கியதும் தடி ஆணியைச் சுற்றித் திரும்பிவிடும். மற்றவர் காய்ந்த தரையில் உறுதியாக நின்றாலும், எதிர்முனையில் தாங்க ஆளில்லாததால் அவருடைய பலமும் வண்டிக்குப் போய்ச் சேராது.

எண்ணில் சொன்னால், ஒரு சில்லு சேற்றில் 30 கிலோ மட்டுமே தாங்கும், மற்றது தாரில் 200 கிலோ தாங்கும் என்றாலும் கிடைப்பது 230 அல்ல, 30 உம் 30 உம் சேர்ந்த 60 தான். திருமண மண்டபத்துப் புல்தரையில் நிறுத்திய கார், ஒரே ஒரு சில்லு சேற்றில் இறங்கியதற்காக அசையாமல் நின்று, மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளவேண்டி வருவது இதனால்தான்.

ஓல்வீல் காரில் முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, இரண்டு அச்சுக்கும் நடுவே ஒன்று என மூன்று டிஃபரன்ஷியல் இருக்கலாம். மூன்றும் சாதாரண வகை என்றால், ஒரு சில்லு 30 கிலோவுக்கு மேல் தாங்காத இடத்தில் நாலும் தலா 30 தான் தரும், மொத்தம் 120. அந்தச் சில்லு காற்றில் தூக்கிக்கொண்டால் மொத்தம் பூச்சியம். பெயர் ஓல்வீல், ஆனால் நிற்பது அதே இடத்தில்.

ஆகவே ஒரு நல்ல ஓல்வீல் அமைப்பின் திறமை, நாலு சில்லுக்கும் தண்டு போட்டிருப்பதில் இல்லை. வழுக்கும் சில்லிலிருந்து விசையைத் தடுத்து, பிடிக்கும் சில்லுக்கு அனுப்புவதில் இருக்கிறது. அதற்குப் பல வழி உண்டு. டிஃபரன்ஷியலை முழுதாகப் பூட்டிவிடலாம். வழுக்கும்போது தானாக இறுகும் வகையை வைக்கலாம். இன்றைய கார்களில் கூடுதலாகக் காணப்படுவது மூன்றாவது வழி: சுழலும் சில்லுக்கு மட்டும் கொம்பியூட்டர் பிரேக் போடுகிறது. பிரேக் அந்தச் சில்லுக்கு ஒரு பொய்யான எதிர்ப்பைக் கொடுக்க, மறுபக்கச் சில்லுக்கு விசை கிடைக்கிறது. ட்ராக்‌ஷன் கொன்ட்ரோல் என்பது இதுதான். இது இரண்டு சில்லு இயக்கக் கார்களிலும் உண்டு என்பதை விற்பவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

நம் தெருவில் ஓடும் நாலு வகை

முதல் வகை, கெப் வாகனங்களில் இருக்கும் ஃபோர்வீல். ஹைலக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். வழமையில் பின்சில்லு மட்டும் இயங்கும். லீவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் நடுவே டிஃபரன்ஷியல் எதுவும் இல்லாமல் இறுகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. பூட்டிய அச்சுகள் அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதில்லை. மண்ணில் டயர் சற்று வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தாரில் அந்த முறுக்கு தண்டுகளுக்குள்ளேயே தேங்கும். ஸ்டியரிங் கனக்கும், வாகனம் துள்ளும், டயர் கீச்சிடும், கடைசியில் பற்சக்கரம் உடையலாம். ஃபோர்வீலைப் போட்டபடி கொழும்பு மாடித் தரிப்பிடத்தின் வளைவுப் பாதையில் ஏறுகிறவர், தன் வாகனத்தைத் தானே முறுக்கிப் பிழிகிறார். மழைக்காக கோல்பேஸில் ஃபோர்வீல் போடுவதும் ஏறக்குறைய அதே சங்கதி.

இரண்டாவது, நிரந்தர ஓல்வீல். நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதால் காய்ந்த தாரிலும் எந்நேரமும் நாலு சில்லும் இயங்கலாம். 1970 இல் வந்த ரேஞ்ச் ரோவர் இதைச் சேற்று வாகனத்திலிருந்து வசதியான வாகனத்துக்குக் கொண்டுவந்தது. 1980 இல் வந்த அவுடி குவாட்ரோ இதைப் பந்தய வேகத்துக்குக் கொண்டுபோனது. 1982 இல் உலக ராலி உற்பத்தியாளர் பட்டத்தை அவுடி எடுத்த பிறகு, அந்தப் பந்தயத்தில் இரண்டு சில்லு இயக்கக் கார்களுக்குக் காலம் முடியத் தொடங்கியது. ராலி என்பது சரளைக்கல், பனி, சேறு எல்லாவற்றிலும் ஓடுவது என்பதை மறக்கக்கூடாது. நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படும் பிராடோவும் இந்த வகைதான்.

மூன்றாவதுதான் கொழும்பில் விற்பனைக்கு வரும் சின்னக் கார்களில் கூடுதல்: தேவைப்படும்போது மட்டும் இணையும் ஓல்வீல். சாதாரண ஓட்டத்தில் இது முன்சில்லு இயக்கக் கார்தான். பின்னுக்குப் போகும் தண்டின் பாதையில் ஓர் இணைப்பி இருக்கும். வகன்ஆர் போன்ற கார்களில் அது விஸ்கஸ் கப்ளிங். கெட்டியான சிலிக்கோன் எண்ணெய்க்குள் மெல்லிய தட்டுகள் அடுக்கியிருக்கும். முன்சில்லு வழுக்கி வேக வித்தியாசம் வந்ததும் எண்ணெய் தட்டுகளை ஒன்றோடொன்று இழுக்க, பின்சில்லுக்கும் விசை போகும். கொம்பியூட்டர் கிடையாது, வயரும் கிடையாது. எனக்குப் பிடித்த பொறியியல் இதுதான், ஆனால் கொஞ்சம் சோம்பேறி: முதலில் வழுக்கவேண்டும், பிறகுதான் உதவி வரும். வெசல் போன்ற கார்களில் எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டுகளைக் கொம்பியூட்டர் இறுக்குகிறது. எக்ஸலரேட்டரை மிதித்த வேகத்தைப் பார்த்து, வழுக்குமுன்னரே பின்சில்லுக்கு விசையை அனுப்ப அதனால் முடியும். ஆனால் நெடுநேரம் மணலில் உழன்றால் கிளட்ச் சூடேறி, கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓல்வீலைத் துண்டித்துவிடும். கற்பிட்டி மணலில் இதை நம்பி இறங்கக்கூடாது.

நாலாவது, மின்மோட்டர் வகை. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டே இருக்காது. பின் அச்சில் தனி மோட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். டொயோட்டா இதை இஃபோர் என்ற பெயரில் 2001 இல் எஸ்டிமா ஹைபிரிட்டில் கொண்டுவந்தது. நான்காம் தலைமுறைப் பிரியுஸின் பின்மோட்டர் ஏறத்தாழ 7 குதிரைவலு மட்டுமே. மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் அது உதவிக்கு வராது. பனியில் நிற்கும் காரை நகர்த்துவதற்காக வைத்தது அது. அதிவேக நெடுஞ்சாலையில் காரை ஸ்திரப்படுத்துவதற்காக அல்ல. முழு மின்சாரக் கார்களில் இரண்டு பெரிய மோட்டர் இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு மோட்டரின் விசையையும் மில்லிசெக்கன் கணக்கில் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், எண்ணெய்த் தட்டு எதுவும் அதன் வேகத்துக்கு வராது.

சுருக்கம்: "ஓல்வீல்" என்ற ஒரே ஒட்டுக்கடதாசிக்குப் பின்னால் நாலு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. சேற்றுக்கு முதலாவது, எல்லாத் தரைக்கும் இரண்டாவது, அவசரத்துக்கு மூன்றாவது. நாலாவதில் மோட்டரின் அளவைக் கேட்காமல் எதுவும் சொல்லமுடியாது.

வளைவில் என்ன மாறுகிறது

கார் ஓட்டத்தில் நயம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வளைவில்தான் தெரியும். இங்கே ஓல்வீல் செய்யும் உதவி உண்மையானது, ஆனால் நுட்பமானது.

டயரின் பிடிமானம் ஒரே பணப்பெட்டி. முன்னுக்கு இழுப்பதற்கும், பக்கவாட்டில் காரைத் திருப்புவதற்கும், பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஒரு பக்கம் செலவழித்தால் மறுபக்கத்துக்குக் குறையும். குறையும் கணக்கு நேர்க் கழித்தல் அல்ல, பைதகரசின் தேற்றம். ஒரு டயரின் மொத்த எல்லை 300 கிலோ என்போம். இழுப்பதற்கு 180 ஐச் செலவழித்தால் திருப்புவதற்கு மீதி 120 அல்ல, 240. (180 இன் வர்க்கத்தையும் 240 இன் வர்க்கத்தையும் கூட்டினால் 300 இன் வர்க்கம்.)

முன்சில்லு இயக்கக் காரில் முன்டயர்தான் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். கைவண்டியை முன்னால் பிடித்திருக்கும் ஆளின் நிலைமை. கடுகண்ணாவ வளைவில் ஏறும்போது பாதி வளைவிலேயே எக்ஸலரேட்டரை மிதித்தால், முன்டயரின் இழுவைச் செலவு ஏறி, திருப்பும் மீதி குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளிப்பக்கம் அகன்று போகும். இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். அதே மிதிப்பில் கார் முடுகும்போது பாரம் பின்னுக்குச் சாய்வதால் முன்டயரின் பணப்பெட்டியே சற்றுச் சுருங்கிவிடுகிறது. பின்சில்லு இயக்கத்தில் எதிர்ப்பக்கத் தொல்லை: மிதித்தால் பின்டயர் பிடியை இழந்து வால் வெளியே வீசும். அது ஓவர்ஸ்டியர்.

ஓல்வீலில் அந்த 180 கிலோ, முன்டயருக்கு 90, பின்டயருக்கு 90 எனப் பிரிகிறது. இப்போது முன்டயரிடம் திருப்புவதற்கு 286 கிலோ மீதி. 240 எங்கே, 286 எங்கே! மழையில் வளைவிலிருந்து வெளியே முடுகும்போது ஓல்வீல் கார் தண்டவாளத்தில் போவதுபோல உணரவைப்பது இந்த வித்தியாசம்தான்.

இன்னும் ஒரு படி மேலே போனால், பின் அச்சின் இடது வலது சில்லுகளுக்கு வேறு வேறு விசை அனுப்பும் அமைப்புகள் இருக்கின்றன. வெளிப்பக்கப் பின்சில்லைக் கூடுதலாகத் தள்ளினால் கார் தானாகவே வளைவின் உட்பக்கம் திரும்பப் பார்க்கும். 1996 இல் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் நான்காம் பதிப்பிலும், 2004 இல் ஹொண்டா லெஜன்டிலும் இது வந்தது. இதை டோர்க் வெக்டரிங் என்பார்கள். விலை கூடிய கார்களின் விளம்பரத்தில் வரும் "வளைவு நயம்" என்பதன் உண்மையான உள்ளடக்கம் இதுவாக இருக்கும்போது அது காசுக்குத் தகும்.

இவ்வளவும் எக்ஸலரேட்டரில் கால் இருக்கும்போது மட்டும். காலை எடுத்துவிட்டு வளைவுக்குள் நுழையும் நொடியில் பங்குபோட இழுவையே இல்லை. அங்கே காரைத் திருப்புவது டயர், சஸ்பென்ஷன், நிறை மூன்றும்தான். ஓல்வீல் காரில் 50 கிலோவோ 100 கிலோவோ கூடுதல் இரும்பு இருப்பதால், வேகமாக நுழைகிறவருக்கு அது பாரமாகத்தான் அமையும்.

பிரேக்கில் ஒன்றும் மாறுவதில்லை

எல்லாக் கார்களுக்கும் நாலு சில்லிலும் பிரேக் உண்டு. எந்தக் கார் என்றாலும் நிறுத்தும்போது நாலு டயரின் பிடிமானமும் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. கூட்டிச் சேர்க்க அங்கே ஐந்தாவது டயர் இல்லை.

நனைந்த தாரில், குணகம் 0.5 இல், மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் கார் பிரேக் பிடித்த பின் நிற்க ஏறத்தாழ 28 மீற்றர் எடுக்கும். 100 இல் போனால் 79 மீற்றர். கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை. காரின் நிறையோ, இயங்கும் சில்லின் எண்ணிக்கையோ இந்தக் கணக்கில் வராது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மழைத்திரைக்குள் 100 இல் போகிற ஓல்வீல் ஜீப்பும், பக்கத்தில் போகும் சின்ன ஆல்டோவும், ஒரே தரமான டயர் இருந்தால் ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் நிற்கும்.

ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. வழுக்கும் பாதை என்று சாரதிக்கு முதலில் சொல்வது, கிளம்பும்போது சில்லு சுழல்வதுதான். ஓல்வீல் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. கார் உறுதியாக முடுகுவதால் தார் நல்ல பிடியில் இருப்பதாக மனம் நம்பிவிடும். அது பொய் என்று பிரேக்கில்தான் தெரியவரும். 1966 இல் வந்த ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரித்தானியக் கார் நாலு சில்லு இயக்கத்தோடு, விமானத்துக்காகச் செய்த பூட்டுத்தடுப்பு (ஏபிஎஸ்) பிரேக்கையும் சேர்த்தே கொண்டுவந்தது. இழுப்பதும் நிறுத்துவதும் வேறு வேறு பிரச்சினை என்று அதைச் செய்தவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. சேற்று இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கும்போது, பூட்டிய ஃபோர்வீலில் எஞ்சினின் தடுப்பு விசை நாலு சில்லுக்கும் பிரியும். தோட்டப் பாதையில் அது பெரிய நிம்மதி. காலி வீதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெள்ளத்தில் ஓல்வீல்

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டி பக்கம் மூழ்கியது போன்ற நாட்களில், ஓல்வீல் வைத்திருப்பவருக்கு ஒரு தைரியம் வரும். வரக்கூடாது. பிடிமானம் என்பது பாரத்தின் பெருக்கம் என்று பார்த்தோம். கார் இடம்பெயர்க்கும் ஒவ்வொரு லீற்றர் தண்ணீரும் ஒரு கிலோ பாரத்தைத் தூக்கிவிடுகிறது. காரின் அடித்தளம் 5 சதுர மீற்றர் என்றால், தண்ணீர் அடித்தளத்துக்கு மேல் 10 சென்ரிமீற்றர் ஏறியதும், உள்ளே கசியும் வரை, 500 கிலோவுக்குக் கிட்டப் பாரம் குறைகிறது. நாலு சில்லும் இயங்கும், ஆனால் தரையை அழுத்த ஆள் இல்லை. பக்கவாட்டில் ஓடும் தண்ணீர் காரைத் தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் காற்றை இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சினே உடையும். ஓல்வீலுக்கும் அந்தக் குழாயின் உயரத்துக்கும் தொடர்பில்லை.

நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீரில் டயர் மிதப்பதும் இந்த ரகம்தான். டயரின் கட்டைக்கோடுகள் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்ற முடியாத வேகத்தில் ரப்பர் தாரைத் தொடுவதே இல்லை. பூச்சியத்தை நாலால் பெருக்கினாலும் பூச்சியம்.

வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

என் கருத்தைக் கேட்டால், கொழும்புக்குள் ஓடி, வருடத்தில் சில தடவை மலைநாட்டுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தார் வீதியில் போகிறவருக்கு ஓல்வீல் தேவையில்லை. அந்தக் காசில் தரமான நாலு டயர் போட்டால் ஏற்றம், வளைவு, பிரேக் மூன்றுக்கும் பலன். டயரின் கட்டை ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததைக் காட்டும் சின்ன மேடுகள் கோடுகளுக்குள்ளே இருக்கும். அது தெரியும் வரை காத்திருந்து மாற்றுவது மழைநாட்டில் பிந்திய செயல். அதற்கு முன்பே மாற்றுங்கள். தோட்டத்துக்குள் மண்பாதையில் வீடு இருப்பவர், ஈரப்புல்லில் அடிக்கடி வாகனம் இறக்கவேண்டியவர், படகு இழுப்பவர் எல்லாம் தயங்காமல் ஓல்வீல் எடுக்கலாம்.

எடுத்தால் சில கடமைகள் கூட வரும். எரிபொருள் சற்றுக் கூடச் செலவாகும். பின் டிஃபரன்ஷியலுக்கும் இணைப்பிக்கும் தனி எண்ணெய் உண்டு. பல கராஜ்களில் அதைத் தொடுவதே இல்லை. பழைய ஹொண்டாக்களில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது பின்னாலிருந்து உறுமல் வந்தால், பெரும்பாலும் அந்த எண்ணெய் கெட்டிருக்கும். பஞ்சிகாவத்தையில் பழைய இணைப்பி தேடுமுன் அதை மாற்றிப் பார்க்கலாம்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் புதுச் சோடி 8 மில்லிமீற்றர் கட்டையோடும், பின்னால் தேய்ந்த சோடி 3 மில்லிமீற்றரோடும் ஓடினால் ஆரை 5 மில்லிமீற்றர் வித்தியாசம். 30 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சில்லு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 530 தடவை சுற்றும். சின்ன சோடி ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 9 சுற்று கூடச் சுற்றும். கண்டிக்குப் போய்ச் சேருமுன் அது ஆயிரம் சுற்று. நேர்ப்பாதையிலும் யாரோ வழுக்குவதாக நினைத்து இணைப்பி உராய்ந்து சூடேறிக்கொண்டே இருக்கும். ஓல்வீல் காருக்கு நாலு டயரையும் ஒன்றாக மாற்றச் சொல்வது வியாபாரத் தந்திரமல்ல.

இறக்குமதிக் கார் பார்க்கும்போது பின்கதவு எழுத்தை நம்பவேண்டாம். செசி இலக்கத்தின் முன்பகுதியைப் பாருங்கள். முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் ஆர்யூ3 என்றால் முன்சில்லு மட்டும், ஆர்யூ4 என்றால் ஓல்வீல். குனிந்து பார்த்தால் பின்சில்லுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் பெட்டியும் அதற்கு வரும் தண்டும் தெரியும். மின்மோட்டர் வகையில் தண்டு இருக்காது, மோட்டர் பெட்டி இருக்கும்.

வழியில் நின்றுவிட்டால், இழுத்துப்போக வருபவரிடம் கொழுவுமுன்னரே ஓல்வீல் என்று சொல்லிவிடுங்கள். முன்சில்லைத் தூக்கிவிட்டுப் பின்சில்லைத் தரையில் உருட்டினால், பின்சில்லு சுழற்றும் தண்டு இணைப்பியை எரித்துவிடும். நாலு சில்லும் மேலே ஏறும் தட்டு லொறிதான் வேண்டும்.